கணுக்காலில் கட்டிய கறுப்பு நூல்

ஒட்டுப்பாலுக்கு ஒரு நாற்றம் உண்டு. இறப்பர் மரத்தில் பால் எடுத்து முடிந்த பிறகு வெட்டுத் தழும்பிலும் பால் பிடிக்கும் சிரட்டையின் அடியிலும் கொஞ்சம் மிஞ்சி உறைந்து கிடக்கும். அதைத்தான் எங்கள் தோட்டத்தில் "ஒட்டுப்பால்" என்பார்கள். புளித்த மோரும் காலோடு நனைந்த சப்பாத்தும் சேர்ந்தது மாதிரி ஒரு வாடை. ஒரு தடவை கையால் உரித்தால் இரண்டு நாளைக்குச் சவர்க்காரம் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. இப்போது எஹலியகொடையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். இறப்பர் குழாய்ச் சுருளை அவிழ்க்கும்போது அந்த வாடையில் கால்வாசி வந்து மூக்கில் ஏறினாலும் போதும், என் தங்கச்சியின் வலது கணுக்கால் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, இது பெருமையாகச் சொல்லும் கதை இல்லை. என் மகளுக்கு இந்த வருஷம்தான் சொன்னேன். அவளிடம் சொன்ன பிறகு உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை என்று எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இருந்தது, பஸ் போகும் ரோட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் மேலே நடக்க வேண்டிய ஓர் இறப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்தில். அம்மா மலையில் பால் வெட்டுவார். அப்பாவுக்கு ஸ்டோரில், உறைந்த பாலை ஷீட்டாக உருட்டும் மெஷினில் வேலை. நான் ஐந்தாம் ஆண்டு, தங்கச்சி யோகேஸ்வரி மூன்றாம் ஆண்டு. லயத்தில் எல்லோருக்கும் அவள் "யோகேசு".

யோகேசுவை உப்பு வாங்க அனுப்பினால் உப்பு வராது. பாவாடை மடிப்பில் ஒரு தவளை வரும். தண்ணீருக்குப் போனால் குடம் தண்ணீர் விழும் பீலியடியில் நிற்கும், அவள் வேறெங்கோ நிற்பாள். ஒரு சொல்லை எழுத ஆரம்பித்து இரண்டு எழுத்தில் நிறுத்திவிட்டு, ஜன்னலில் எறும்பு எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று எழுந்து போய்விடுவாள். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், ஐந்து வகுப்புக்கும் நடுவில் தட்டி கூடக் கிடையாது. மூன்றாம் ஆண்டில் மாஸ்டர் "யோகேஸ்வரி, உக்காரு" என்று சொல்வது ஐந்தாம் ஆண்டு வாங்கில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கும் என்று எண்ணி எண்ணி எனக்குக் காது சுட்டுப்போயிருக்கும். "யாருடா இவளோட அண்ணன்?" என்று மாஸ்டர் இந்தப் பக்கம் திரும்பினால் நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். பையன்கள்தான் என் கையைப் பிடித்துத் தூக்குவார்கள்.

வீட்டில் சும்மா இருக்கவில்லை. முதலில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சி போயிற்று, ஓட்டம் போகவில்லை. அதற்குப் பிறகு நூல்கள் ஆரம்பித்தன. தோட்டத்துக் கோயில் பூசாரி மந்திரித்துக் கொடுத்தது சிவப்பு நூல். கீழ் ரோட்டுப் பௌத்தப் பன்சலையில் பிக்கு ஹாமுதுரு ஓதிக் கட்டியது வெள்ளை நூல். டவுனில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த லெப்பை தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்து, ஒரு பச்சைக் கயிறும் கட்டிவிட்டார். மூன்று மதத்தையும் ஒரே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவள் மரத்துக்கு மரம் ஓடுவாள். மலையில் வேலை வாங்கும் பெரியான் கங்காணி கண்டால் நிறுத்தி வைத்துக் கையைத் தூக்கிப் பார்ப்பார்.

"ஏ புள்ள, இன்னும் ரெண்டு நூலு கட்டுனா ஒனக்கு ஒரு சட்டையே தச்சிரலாம் போல இருக்கே?"

"பட்டனு நீங்க வாங்கித் தாறீங்களா கங்காணி?" என்பாள் அவள்.

பெண்கள் சிரித்து விழுவார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

அந்த வருஷம் இரண்டாம் தவணையில் மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டார். "மத்தப் புள்ளைகளையும் படிக்க விட மாட்டேங்குது. ஒரு மாசம் பாக்குறேன். அதுக்குள்ள இன்னொரு பிராது வந்தா, நீங்களே நிப்பாட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்தார். அன்றைக்குச் சாயங்காலம் யோகேசு என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு மாசம்னா எத்தன நாளு?" என்று கேட்டாள். முப்பது என்றேன். பென்சிலால் லயத்துச் சுவரில் முப்பது கோடு போட ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது கோட்டில் பல்லி ஒன்று ஓடியது, அதன் பின்னால் போய்விட்டாள். ஆனாலும் அவளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. உட்காரத்தான் வராது.

இனி அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

இறப்பர் மலையில் மழைதான் எமன். காலையில் மரத்தை வெட்டி, சிரட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டால், பால் சொட்டி நிறைய நாலு மணித்தியாலமாவது ஆகும். அதற்குள் மழை வந்தால் தண்ணீர் பட்டை வழியாக இறங்கிச் சிரட்டையை நிறைத்து, பாலையெல்லாம் வெளியே தள்ளிவிடும். "பாலு கழுவிருச்சு" என்பார்கள். காலை முழுக்க வெட்டியதற்கு அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். அதனால் எங்கள் டிவிஷனில் ஒரு பழக்கம் இருந்தது. மலை உச்சியில் மொட்டப்பாறை என்று ஒரு பாறை. அதில் ஏறினால் எதிர்மலைத் தேயிலை முழுக்கத் தெரியும். மழை எப்போதும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். எதிர்மலை உச்சி மறைந்தவுடன் பாறையில் இருப்பவர் "கூ..." என்று நீளமாகக் கூவ வேண்டும். கூவினால் பெண்கள் வெட்டுக் கத்தியைப் போட்டுவிட்டு வாளியோடு ஓடி, இருக்கிற பாலையாவது எடுத்துவிடுவார்கள். கால் மணித்தியாலம் கிடைக்கும். சனிக்கிழமைகளில் அந்த வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரைக் கங்காணி நிறுத்துவார். அந்த வருஷம் முழுக்க நான்தான். "கவனமான பையன்" என்று கங்காணி என்னைத்தான் சொல்லுவார். எனக்கு அந்தப் பேர் பாயாசம் மாதிரி இருந்தது.

அன்றைக்கு அம்மா யோகேசுவையும் என்னோடு அனுப்பிவிட்டார். எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்துகொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து வினாத்தாள் செய்யலாம் என்று கொண்டுபோயிருந்தேன். இவள் விட்டால்தானே? அண்ணே இது என்ன பூ, அண்ணே அந்தக் குருவி ஏன் ஒத்தக் காலில் நிக்குது... பொறுக்க முடியாமல், பக்கத்து மரங்களில் ஒட்டுப்பாலை உரித்து, நீளமாக இழுத்து முறுக்கி, ஒரு முனையை அவள் வலது கணுக்காலிலும் மறு முனையை மரத்திலும் கட்டினேன். முதலில் அவளுக்கு அது விளையாட்டு. ஓடிப் பார்ப்பாள், ஒட்டுப்பால் நீண்டு கொடுத்துப் பிறகு வெடுக்கென்று இழுக்கும், விழுந்து சிரிப்பாள். நான் கணக்கில் இறங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. "அண்ணே, மழ வருது" என்றாள்.

"சும்மா இரு."

"இல்லண்ணே, சத்தம் கேக்குது. எறும்பெல்லாம் முட்டையத் தூக்குது பாரு."

"ஒன் புத்தி ஒரு எடத்துல நிக்காதா? உக்காரு."

மாஸ்டரின் குரலிலேயே சொன்னேன். அவள் மறுபடியும் மறுபடியும் சொன்னாள். பிறகு கீழே போய்ச் சொல்லப் பார்த்தாள். நான் தலையைத் தூக்காமலேயே ஒட்டுப்பால் இழுபடும் சத்தத்தைக் கேட்டேன். அவளே "கூ..." என்று கூவினாள். இரண்டு தடவை கூவினாள். கீழே பெண்கள் அதைக் கேட்டும் இருக்கிறார்கள். "அது யோகேசு, வெளையாடுது" என்று சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டே இருந்தார்களாம். என் வினாத்தாளில் முதல் துளி விழுந்தபோதுதான் நான் நிமிர்ந்தேன். எதிர்மலை இல்லை. நடுப்பள்ளமும் இல்லை.

ஒட்டுப்பால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது மலை முழுக்க மரத்தடியில் வெள்ளை வெள்ளையாகப் பால் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கங்காணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய் ராசு, எங்கடா போன? ஏண்டா கூவல?"

அந்த நேரத்தில் ஒரு சொல் போதும். நான் படித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அவ்வளவுதான். அடி விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் வாய் தானாக இதைச் சொல்லியது: "யோகேசு ஓடிருச்சு கங்காணி. அதத் தேடிப் போனேன்."

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. நனைந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

"நான் ஓடல. நான்தான் மழ வருதுன்னு சொன்னேன். அண்ணன் என்னயக் கட்டிப் போட்டிருச்சு" என்றாள் யோகேசு.

"வாயப் பாரு" என்றார் ஒரு சின்னம்மா. "இத அவுத்துவுட்டு வளத்தா இப்பிடித்தான்."

அம்மா அவள் முதுகில் இரண்டு வைத்தார். அம்மாவின் பாலும்தான் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா, மாஸ்டர் சொன்ன பிராது இதுதான் என்று முடிவெடுத்து, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம் என்றுவிட்டார். சுவரில் அந்தப் பன்னிரண்டு கோடுதான் இருந்தது.

அதோடும் முடியவில்லை. ஒட்டுப்பால் இழுத்த இடத்தில் அவள் கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் கன்றிப்போயிருந்தது. குளிப்பாட்டும்போது அம்மா அதைக் கண்டு, என்ன இது என்று கேட்டார். அண்ணன் கட்டினது என்றாள். அம்மா என்னைப் பார்த்தார். "நான் இல்ல" என்றேன். அவ்வளவு வட்டமாக ஒரு தழும்பு தானாக வருமா? அம்மா பயந்துபோய் அவளைப் பூசாரியிடம் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். பூசாரி காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மலையில் முனி பிடித்த அடையாளம் என்றார். "சாமி, எங்கண்ணன்தான் கட்டுச்சு" என்று யோகேசு அழுதாள். பூசாரி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அதுதாம்மா, கூடப் பொறந்தவன் மேலயே பழி போட வைக்கும். புள்ள பேசல, அது பேசுது." சொல்லிவிட்டு, சரியாக அந்தச் சிவப்பு வளையத்தின் மேலேயே ஒரு கறுப்பு நூலைக் கட்டினார். அது நான் கட்டிய கட்டுக்கு மேலே விழுந்த கட்டு. நான் தீபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசாரி என் நெற்றியிலும் திருநீறு பூசினார்.

பள்ளிக்கூடம் நின்ற பிறகு அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டார்கள். பெற்றவர்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே ஆயாவுக்கு ஒத்தாசை. இரண்டு வாரத்தில் ஆயா அம்மாவிடம் வந்து, "பதினோரு புள்ளையில எது எந்த மூலையில என்னத்த வாயில போடுதுன்னு இவளுக்குத்தான் தெரியுது, எனக்குத் தெரியல" என்றார். எல்லாப் பக்கமும் ஓடும் அவளுடைய கண்ணுக்கு அங்கே வேலை இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நூல் வேலை செய்கிறது என்றார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு இறப்பர் நிரைக்குள் நடந்தேன். சும்மா நடக்கும்போது ஒரு நாள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் முன்னால் ஓடி ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டி, "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு" என்று சொல்ல ஆரம்பித்தாள். வாங்கில் உட்கார வைத்தால் மூன்றாம் வரியைத் தாண்டாதவள், பன்னிரண்டாம் மரம் வரைக்கும் போய், அங்கிருந்து பின்னுக்குத் திரும்பியும் சொல்லிக்கொண்டு வந்தாள். சிரட்டையில் கரித்துண்டால் எழுத்து எழுதி மரத்துக்கு மரம் வைப்பேன். ஓடி ஓடிச் சேர்த்துச் சொல் ஆக்குவாள். உட்காரச் சொல்லாவிட்டால் அவளுக்கு எல்லாம் ஏறியது. அடுத்த வருஷம் அப்பா மனம் மாறி மறுபடியும் சேர்த்தபோது, அவளுக்கு அந்த வருஷத்துப் பாடத்தில் முக்கால்வாசி தெரிந்திருந்தது. ஆனால் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு, தலை உயர்ந்து, கடைசி வாங்கில்தான் இருந்தாள். எட்டாம் ஆண்டோடு நின்றுவிட்டாள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று ரொம்ப நாள் என்னை நானே தட்டிக்கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் தேறவும் இல்லை.

மழையில் பால் போன கதை தோட்டத்தில் பகிடியாகிவிட்டது. கலியாண வீடு, சடங்கு வீடு எங்கே போனாலும் யாராவது, "யோகேசு பாலு விட்ட கத தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். யோகேசுவும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல்.

என் மகள் கவிஷாவுக்கு இப்போது எட்டு வயது. அவளுடைய பள்ளிக்கூடக் கொப்பியில் சொற்கள் பாதியிலேயே நிற்கின்றன. டீச்சர் சொல்லி, இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அம்மா சிங்களத்தில் பொறுமையாகப் பேசினார். முதலில் கண்ணையும் காதையும் பார்ப்போம். முன் வாங்கில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க விடுங்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள். மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு, தேவைப்பட்டால் அப்போது பேசுவோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். தங்கச்சிக்கு என்றேன். அவருக்கு என்ன செய்தீர்கள்? "நூல் கட்டினோம், டாக்டர்" என்றேன். அங்கேயும் அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

போன பொங்கலுக்குத் தெரணியகலையிலிருந்து யோகேசு வந்திருந்தாள். கலியாணம் முடித்து அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். என் மனைவி கோயிலிலிருந்து கறுப்பு நூல் கொண்டுவந்து, கவிஷாவை உட்கார வைத்து, பாதத்தைப் பிடித்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யோகேசு ஈரக் கையோடு வந்தாள்.

"கையில கட்டுங்க அண்ணி. கால்ல வேணாம்."

"ஏன் மச்சாள்? ஒங்களுக்கும் கால்லதானே கட்டுனாங்க? மாமி சொல்லியிருக்காங்களே."

"அண்ணங்கிட்ட கேளுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்பது மாதிரிதான் சொன்னாள்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். வினாத்தாள், ஒட்டுப்பால், எறும்பு, பூசாரி எல்லாம் சொன்னேன். சொல்லி முடியும்வரைக்கும் கவிஷா அசையவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார மாட்டாள் என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போன பிள்ளை அது.

"அப்ப அத்த சொன்னது நெசமாப்பா?"

"நெசம்."

"யாருமே நம்பலையா?"

"இல்ல."

யோகேசு சிரித்தாள். "பரவால்ல, இத்தன வருசம் கழிச்சு ஒரு ஆளு நம்பிருச்சு" என்று கவிஷாவின் தலையைத் தடவினாள். பிறகு என்னிடம், "எங்கிட்ட சொல்லி என்னண்ணே? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. தோட்டத்துல போய்ச் சொல்லு" என்றாள்.

போனேன். இப்போது அங்கே மழை பார்க்க யாரும் பாறைக்குப் போவதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பொலித்தீனில் பாவாடை கட்டிவிட்டிருக்கிறார்கள். மழை வெளியே வழிந்துவிடுகிறது. சிரட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கோப்பை. மொட்டப்பாறையை மானாப் புல் மூடிவிட்டது, ஏறும் வழி தெரியவில்லை. அன்றைக்குப் பால் பறிகொடுத்த பெண்களில் அம்மா உட்படப் பாதிப் பேர் உயிரோடு இல்லை. பூசாரியும் இல்லை. பெரியான் கங்காணி மட்டும் லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார், காது மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்து வீடெல்லாம் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, ஒன்றும் விடாமல் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாடா ராசு, ஞாபகம் இருக்கு. யோகேசு விட்ட பாலுதானே?" என்று சிரித்தார்.

வாயால் சொன்ன பொய்யை வாயால் அழிக்க எனக்கு முடியவில்லை. ஆகையால் எழுதி வைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மழை வருவதை முதலில் கண்டவள் என் தங்கச்சி யோகேஸ்வரி. அவள் சொன்னாள், கூவியும் பார்த்தாள். பக்கத்திலேயே இருந்து கேட்காதவன் நான்.